குறுநடைக் குழந்தைகளின் தூக்கத்தை அளத்தல்: முறைகளை ஒப்பிடத் தொடங்கும் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஒன்று முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளின் தூக்கத்தை அளக்கும் ஆய்வில் முதன்முறையாக இறங்கும் மாணவர்களையும் ஆய்வு உதவியாளர்களையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். இத்தகைய ஓர் ஒப்பீட்டை நடத்தி முடிப்பதற்குள் எனக்கு ஏற்பட்ட இழுபறிகளில் பெரும்பகுதி கருவிகளால் வரவில்லை. எந்த ஆவணம் எப்போது வேண்டும், எந்த வேலை எவ்வளவு நாளை விழுங்கும், எந்த அளவைக்கு என்ன வரையறை என்பவற்றை ஒரே இடத்தில் சொல்லும் கட்டுரை அப்போது கைக்குக் கிடைக்கவில்லை. அந்தக் குறையைப் போக்குவதே இதன் நோக்கம்.

தொடங்கும் முன் ஓர் எடுத்துக்காட்டு. ஒரே குழந்தையை ஒரே இரவில் மூன்று வழிகளில் அளந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். தாய் எழுதிய குறிப்பேடு பத்தரை மணி நேரத் தூக்கம், விழிப்பு எதுவும் இல்லை என்கிறது. கணுக்காலில் கட்டிய ஆக்டிகிராஃப் என்னும் அசைவுமானி எட்டே முக்கால் மணி நேரம், ஏழு விழிப்புகள் என்கிறது. கட்டிலைப் பார்த்திருந்த கேமராவோ, குழந்தை இருமுறை கண்விழித்து, அழாமல் சிறிது நேரம் கிடந்து, தானாகவே மீண்டும் உறங்கியதைக் காட்டுகிறது. இப்படிப்பட்ட வேறுபாடு இத்துறையில் அன்றாடம் காணக்கூடியது. குறிப்பேடு தாய்க்குத் தெரிந்ததைச் சொல்கிறது, ஆக்டிகிராஃப் கால் அசைந்ததைச் சொல்கிறது, கேமரா கண்ணுக்குத் தெரிந்ததைச் சொல்கிறது. ஆகவே, உங்கள் கேள்விக்கு இவற்றுள் எது தேவை என்பதைத் தீர்மானிப்பதிலிருந்துதான் வேலை தொடங்குகிறது.

1. கேள்வியை ஒரே வரியில் எழுதி, அதன் பிறகு முறையைத் தேர்ந்தெடுங்கள்

மூச்சுத்தடை, தூக்கத்தில் கைகால் உதறல் போன்ற மருத்துவச் சிக்கல் உள்ளதா என்பது கேள்வியானால், ஆய்வகத்தில் இரவு முழுவதும் எடுக்கும் பாலிசோம்னோகிராபிக்கு மாற்று இல்லை. குழந்தை எப்போது தூங்கி எப்போது எழுகிறது, வாரநாளுக்கும் விடுமுறை நாளுக்கும் அது எப்படி மாறுகிறது என்பது கேள்வியானால், ஆக்டிகிராஃபும் குறிப்பேடும் சேர்ந்து போதும். நள்ளிரவில் விழித்த குழந்தை என்ன செய்கிறது, பெற்றோர் என்ன செய்கிறார்கள் என்பதை அறிய வீடியோவை விடச் சிறந்தது இல்லை. நூற்றுக்கணக்கான குடும்பங்களைக் குறுகிய காலத்தில் அணுக வேண்டுமென்றால் வினாத்தாள்தான் நடைமுறைக்கு ஒத்துவரும்.

கருவி ஏற்கெனவே துறையில் இருக்கிறது என்பதற்காக அதைச் சுற்றிக் கேள்வியை அமைப்பவர்கள் பலர். பிற்பாடு மதிப்பாய்வாளர் கேட்கும் முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும்.

2. ஒவ்வொரு முறையும் எதைக் காண்கிறது, எதைக் காணாது என்று அறிந்துகொள்ளுங்கள்

பாலிசோம்னோகிராபி மூளை மின்னலைகள், கண்ணசைவு, தாடைத் தசையின் இறுக்கம், இதயத் துடிப்பு, மூச்சுக்காற்று, நெஞ்சும் வயிறும் விரியும் அளவு, இரத்தத்தின் ஆக்சிஜன் நிறைவு ஆகியவற்றை ஒருசேரப் பதிவு செய்கிறது. பயிற்சி பெற்றவர் அந்தப் பதிவை 30 நொடித் துண்டுகளாகப் பார்த்து, ஒவ்வொன்றும் எந்த நிலை என்று குறிக்கிறார். 1968இல் வகுக்கப்பட்ட பழைய விதிகளுக்கு மாற்றாக அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2007இல் வெளியிட்ட கையேட்டில் குழந்தைகளுக்குத் தனி விதிகள் உள்ளன. பெரியவர்களின் அளவுகோலை இங்கே பயன்படுத்தக் கூடாது. மூச்சுத்தடை மணிக்கு ஐந்து முறைக்குக் குறைவாக இருந்தால் பெரியவர்களுக்கு இயல்பு என்று கொள்வது வழக்கம், குழந்தைகளுக்கோ மணிக்கு ஒரு முறை என்பதே கவனத்துக்குரியது. மறுபுறம், தெரியாத அறையில், தலையிலும் முகத்திலும் கம்பிகளோடு கழியும் ஓர் இரவு குழந்தையின் வழக்கமான இரவு ஆகாது. முதல் இரவில் தூக்கம் கெடுவது பெரியவர்களிடமே நன்கு அறியப்பட்ட ஒன்று.

ஆக்டிகிராஃப் என்பது அசைவை மட்டும் உணரும் சிறு கருவி. அசைவின் எண்ணிக்கையை ஒரு சூத்திரத்தில் இட்டு, அந்த நிமிடம் தூக்கமா விழிப்பா என்று முடிவு செய்கிறார்கள். சாதே குழுவினரின் 1994ஆம் ஆண்டுச் சூத்திரமும் கோல், கிரிப்கே குழுவினரின் 1992ஆம் ஆண்டுச் சூத்திரமும் பரவலாகப் பயன்படுகின்றன. இவை தூக்கத்தைத் தூக்கம் என்று நன்றாகவே கண்டுகொள்கின்றன, விழிப்பை விழிப்பு என்று கண்டுகொள்வதில் தடுமாறுகின்றன. அசையாமல் விழித்துக் கிடக்கும் குழந்தை இவற்றின் கணக்கில் தூங்கும் குழந்தை. தூக்கத்திலேயே புரண்டு புரண்டு படுக்கும் குழந்தையோ விழித்த குழந்தையாகிவிடும், இந்த வயதில் புரளாத குழந்தை அரிது.

வீடியோவில் கண் திறந்திருப்பதும் பெற்றோர் வந்து போவதும் தெரியும். போர்வைக்குள் முகம் மறைந்தாலோ குழந்தை பெற்றோரின் படுக்கைக்கு மாறினாலோ பதிவு பயனற்றதாகிவிடும். குறிப்பேடு பெற்றோர் நேரில் கண்டதை அன்றன்றே எழுதுவது, வினாத்தாள் அவர்கள் நினைவிலிருந்து சராசரியாகச் சொல்வது. இரண்டிலுமே, குழந்தை அழுது கூப்பிடாத விழிப்புகள் விடுபட்டுப்போகும்.

கடைகளில் விற்கும் காலுறை வகைக் கருவிகளும் மெத்தைக்கு அடியில் வைக்கும் பட்டைகளும் பார்வைக்குக் கவர்ச்சியாக இருக்கும். நிமிடவாரியான மூலத்தரவைத் தராத, சூத்திரத்தை வெளியிடாத, மென்பொருள் புதுப்பிப்பில் கணக்கிடும் முறையையே மாற்றிவிடக்கூடிய எதையும் ஒப்பீட்டு ஆய்வில் சேர்க்க வேண்டாம் என்பதே என் கருத்து.

3. முதல் இரவுக்கு முன்பே வரையறைகளை எழுதி வையுங்கள்

இந்தப் படியைத் தள்ளிப்போடாதீர்கள். "தூங்கிய நேரம்" என்ற சொல்லைக் குறிப்பேட்டில் பெற்றோர் விளக்கை அணைத்த நேரமாகக் கொள்வார்கள். ஆக்டிகிராஃப் மென்பொருள் தொடர்ந்து சில நிமிடங்கள் அசைவின்றி இருந்த முதல் தருணத்தை எடுத்துக்கொள்ளும். வீடியோவைப் பார்ப்பவர் கண் மூடிய நொடியைக் குறிப்பார். மூன்றையும் ஒரே பெயரில் அட்டவணையில் போட்டால், முறைகளுக்கிடையே உள்ள வேறுபாடு என்று நீங்கள் அறிவிப்பது உண்மையில் வரையறைகளுக்கிடையே உள்ள வேறுபாடாகவே இருக்கும்.

குறைந்தது நான்கு அளவைகளுக்காவது வரையறை வேண்டும்: தூக்கம் தொடங்கிய நேரம், இறுதியாக எழுந்த நேரம், இடையில் விழித்திருந்த மொத்த நிமிடங்கள், விழிப்புகளின் எண்ணிக்கை. கடைசி அளவையில், எத்தனை நிமிடம் நீடித்தால் அது ஒரு விழிப்பு என்பதை எழுத்தில் குறிப்பிடுங்கள். ஒரு நிமிட விழிப்பையும் எண்ணும் கணக்கும், ஐந்து நிமிடத்துக்கு மேற்பட்டதை மட்டும் எண்ணும் கணக்கும் ஒரே இரவுக்கு முற்றிலும் மாறுபட்ட விடைகளைத் தரும். "மொத்தத் தூக்கம்" என்று எழுதும் இடத்திலெல்லாம் அது இரவு மட்டுமா, பகல் தூக்கத்தையும் சேர்த்த 24 மணி நேரமா என்பதையும் உடன் எழுதுங்கள்.

4. ஆவணங்களைத் தயார் செய்யுங்கள்

அறநெறிக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் ஒரு குழந்தையின் காலிலும் கருவியைக் கட்ட முடியாது. விண்ணப்பம் திரும்பி வருவதற்கான வழக்கமான காரணங்களை முன்கூட்டியே அடைத்துவிட்டால் ஒரு சுற்றுக் காத்திருப்பு மிச்சமாகும். கருவியின் பட்டை தோலை உறுத்தினால் என்ன செய்வது, பொத்தான் வடிவ மின்கலம் குழந்தையின் கைக்கு எட்டாதபடி கருவி மூடப்பட்டுள்ளதா, கருவியைக் கழற்றும் முடிவு பெற்றோரின் கையில் உள்ளதா ஆகியவற்றை விண்ணப்பத்திலேயே எழுதுங்கள். எதிர்பாராத கண்டுபிடிப்புக்கான வழியையும் சேருங்கள். வீடியோவில் குறட்டையோடு மூச்சு நின்று நின்று வருவதைக் கண்டால் யாருக்கு, எத்தனை நாளுக்குள், எப்படித் தெரிவிப்பீர்கள் என்று குழு கட்டாயம் கேட்கும்.

வீடியோ இருந்தால் ஒப்புதல் படிவம் இரட்டிப்பாகும். அந்த அறையில் குழந்தை மட்டும் இருப்பதில்லை. பால் கொடுக்கும் தாய், உடன் படுக்கும் தந்தை, அக்கா, பாட்டி எல்லாரும் பதிவாவார்கள். அறையில் இரவு இருக்கக்கூடிய ஒவ்வொரு பெரியவரின் கையொப்பமும், உடன்பிறந்த குழந்தைகளுக்காகப் பெற்றோரின் கையொப்பமும் வேண்டும். விரும்பாத பகுதியை அழிக்கச் சொல்லும் உரிமை அவர்களுக்கு உண்டு என்பதையும், பதிவு எங்கே எவ்வளவு காலம் வைக்கப்படும் என்பதையும் படிவத்தில் தெளிவாகச் சொல்லுங்கள்.

வினாத்தாளுக்கு இரண்டு சரிபார்ப்புகள் உண்டு. முதலாவது அனுமதி: இணையத்தில் படிவம் கிடைக்கிறது என்பதால் அதைப் பயன்படுத்தும் உரிமை கிடைத்துவிடாது. மொழிபெயர்ப்பதானால் தனி அனுமதியும், மொழிபெயர்த்ததை மீண்டும் மூலமொழிக்கு மாற்றிச் சரிபார்க்கும் காலமும் தேவை. இரண்டாவது வயது வரம்பு. சாதே 2004இல் வெளியிட்ட பிஸ்க் என்னும் சிறு வினாத்தாள் பிறப்பு முதல் 29 மாதம் வரையிலான குழந்தைகளுக்காக அமைந்தது. பலரும் கையிலெடுக்கும் சிஎஸ்எச்க்யூ (குழந்தைகளின் தூக்கப் பழக்க வினாத்தாள்) 2000இல் வெளியானபோது 4 முதல் 10 வயதுவரையுள்ள பள்ளிக் குழந்தைகளுக்காக உருவாக்கப்பட்டது. அதை இரண்டு வயதுக் குழந்தைக்கு அப்படியே கொடுத்துவிட்டு சிக்கல் உண்டு என்று கொள்ளும் மதிப்பெண் எல்லையையும் (வெட்டுப்புள்ளி) கடன் வாங்கினால் முடிவுகள் நிற்காது.

இவற்றோடு கருவி வழங்கல் பதிவேடு ஒன்றையும் தொடங்குங்கள். கருவியின் எண், குழந்தையின் குறியீடு, கொடுத்த நாள், திரும்பிய நாள், எந்தக் காலில் கட்டியது என்ற ஐந்து பத்திகள் போதும். எளிய தாள்தான், ஆனால் இது இல்லாவிட்டால் எந்தத் தரவு யாருடையது என்ற ஐயம் ஆய்வு முடியும் வரை தீராது.

5. செலவைக் கருவியின் விலையோடு நிறுத்திவிடாதீர்கள்

விலை ஏறுவரிசை எல்லாருக்கும் தெரிந்ததே: வினாத்தாள், குறிப்பேடு, ஆக்டிகிராஃப் அல்லது வீடியோ, உச்சியில் பாலிசோம்னோகிராபி. திட்டச் செலவைக் குலைப்பவை வேறு. குறிப்பேட்டுக்குத் தாள் மலிவு, தினமும் நினைவூட்டிச் செய்தி அனுப்புபவரின் நேரம் மலிவன்று. வீடியோவில் ஓர் இரவைக் குறிக்கப் பல மணி நேரம் பிடிக்கும், நம்பகத்தன்மைக்காக ஒரு பகுதியை இரண்டாமவரும் தனியே குறிக்க வேண்டும், அதற்குரிய ஊதியமும் சேமிப்பு இடமும் கணக்கில் வர வேண்டும். ஆக்டிகிராஃபில் கருவியோடு மென்பொருள் உரிமம், இணைப்புத் தளம், மாற்றுப் பட்டைகள் எல்லாம் தனித்தனிச் செலவு. கருவிகள் தொலையவும் செய்யும். குழந்தை கழற்றி எறிந்த கருவி துணிகளோடு துவைக்கும் இயந்திரத்துக்குள் போய்விடுவது ஒன்றும் அரிதான நிகழ்வல்ல. ஆகவே தேவைக்கு மேல் சில உபரிக் கருவிகளை முதலிலேயே கேட்டுப் பெறுங்கள்.

இன்னொரு கணக்கையும் போட்டுப் பாருங்கள். பத்துக் கருவிகள் இருந்தால் வாரத்துக்குப் பத்துக் குழந்தைகள் என்று எண்ணத் தோன்றும். ஏழு இரவுகள் முடிந்து, கருவி திரும்பி வந்து, தரவை இறக்கி, சுத்தம் செய்து, மின்னேற்றி, அடுத்த குடும்பத்தோடு நாள் குறிப்பதற்குள் இரண்டு வாரம் கழிந்துவிடும். ஆட்சேர்ப்புக் கால அட்டவணையை இந்த இரண்டு வாரச் சுழற்சியை வைத்துத்தான் எழுத வேண்டும்.

6. எத்தனை இரவு, எந்த வாரம் என்று முடிவு செய்யுங்கள்

குழந்தைகளையும் வளரிளம் பருவத்தினரையும் ஆராய்ந்து 1999இல் வெளியான ஓர் ஆய்வு, ஆக்டிகிராஃப் அளவைகள் நம்பத்தக்கவையாக இருக்கக் குறைந்தது ஐந்து நல்ல இரவுகளாவது வேண்டும் என்று காட்டியது. காய்ச்சல், கழற்றிவிடுதல், கருவிக் கோளாறு என்று சில இரவுகள் வீணாகும் என்பதால் ஏழு இரவுகள் பதிவு செய்வது வழக்கம். அந்த ஏழில் வார இறுதியும் அடங்கட்டும்.

தடுப்பூசி போட்ட வாரம், பயணம், சளி, புதிய காப்பகத்தில் சேர்ந்த வாரம் ஆகியவற்றைத் தவிருங்கள். பல குழந்தைகள் ஏறக்குறைய ஒன்றரை வயதில் பகல் தூக்கத்தை இரண்டிலிருந்து ஒன்றாகக் குறைத்துக்கொள்வார்கள். மாற்றம் நடக்கும் வாரங்களில் ஒரு நாள் ஒன்று, மறுநாள் இரண்டு என்று அலையும். அந்த வயதினரைச் சேர்ப்பதானால், ஒவ்வொரு நாளும் எத்தனை பகல் தூக்கம் என்பதைக் குறிப்பேட்டில் தனிக் கட்டமாகக் கேளுங்கள்.

வரிசையும் முக்கியம். வினாத்தாளை முதலில் வாங்கிவிட்டு, பிறகு குறிப்பேட்டையும் கருவியையும் கொடுங்கள். ஏழு நாள் குறிப்பெழுதிய பெற்றோர் தம் குழந்தையின் தூக்கத்தை முன்பில்லாத கவனத்தோடு பார்த்திருப்பார்கள், அதன்பின் நிரப்பும் வினாத்தாள் அவர்களின் வழக்கமான மதிப்பீடாக இருக்காது. அதே சமயம், பிஸ்க் கடந்த ஒரு வாரத்தைப் பற்றிக் கேட்பது, கருவி வரும் வாரத்தை அளப்பது. இரண்டும் ஒரே வாரம் அல்ல என்பதைக் கட்டுரையில் ஒப்புக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை. முன்னே கொடுத்தாலும் பின்னே கொடுத்தாலும் ஏதோ ஒரு விலை உண்டு, நான் முன்னே கொடுப்பதையே பரிந்துரைப்பேன்.

7. கருவியைக் கட்டும் நாளில் கவனிக்க வேண்டியவை

இந்த வயதில் கணுக்கால்தான் வசதியான இடம், மணிக்கட்டில் கட்டினால் குழந்தை விளையாட்டாகவே அவிழ்த்துவிடும். ஆனால் காலுக்கும் கைக்கும் அசைவு எண்ணிக்கை வேறுபடும். நீங்கள் தேர்ந்தெடுத்த சூத்திரம் எந்த இடத்தில், எந்த வயதில், எந்தக் கருவியில் சோதிக்கப்பட்டது என்று பார்த்துவிட்டு இடத்தை முடிவு செய்யுங்கள். எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே இடமாக இருக்கட்டும்.

கருவி, கேமரா, பெற்றோரின் கைபேசி மூன்றின் கடிகாரத்தையும் ஒரே நேரத்துக்கு அமைத்து, அமைத்த நேரத்தைப் பதிவேட்டில் எழுதுங்கள். பதிவு முடிந்து திரும்பும்போதும் ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். நிமிடத்துக்கு நிமிடம் ஒப்பிடும் ஆய்வில் மூன்று நிமிட விலகல்கூடக் குறுகிய விழிப்புகளை எல்லாம் தவறவிடச் செய்யும்.

பாலிசோம்னோகிராபி இருந்தால், சில நாட்களுக்கு முன்பே குடும்பத்தை அறைக்கு வரவழைத்து, ஒட்டும் பட்டைகளைக் குழந்தையின் பொம்மைக்கு ஒட்டிக் காட்டுங்கள். விளக்கணைக்கும் நேரம் ஆய்வகத்தின் வசதிப்படி இல்லாமல் வீட்டு வழக்கப்படி இருக்கட்டும். பெற்றோரில் ஒருவருக்கு அருகிலேயே படுக்கை வேண்டும்.

8. எண்ணைத் தொடுவதற்கு முன் பதிவையும் குறிப்பேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்

ஆக்டிகிராஃப் பதிவை அச்சிட்டால் 24 மணி நேரம் ஒரு வரியாக, அசைவு இருந்த இடத்தில் கறுப்புக் கோடுகள் நெருக்கமாக எழுந்து நிற்கும். இரவு நடுவில் 2:10 முதல் 2:45 வரை சீரான உயரத்தில் கோடுகள், குறிப்பேட்டில் அதே நேரம் தூக்கம். சூத்திரம் இதை 35 நிமிட விழிப்பு என்று எழுதிவிடும். தாயிடம் கேட்டால், "கண்ண மூடித்தான் இருந்தான், நான்தான் மடியில போட்டு ஆட்டிக்கிட்டிருந்தேன்" என்பார். விழித்த குழந்தையின் அசைவு ஏறி இறங்கி ஒழுங்கின்றி இருக்கும், ஆட்டும் கையின் அசைவு ஒரே சீராக இருக்கும், சில பதிவுகளைப் பார்த்ததும் கண்ணுக்குப் பழகிவிடும். தொட்டில், தள்ளுவண்டி, ஓடும் கார், பெற்றோரோடு ஒரே படுக்கை ஆகிய நான்கையும் குறிப்பேட்டில் தனித்தனியே குறிக்கச் சொல்லுங்கள். பகல் தூக்கம் பெரும்பாலும் இவற்றில்தான் நடக்கிறது என்பதால், பகலுக்கு ஆக்டிகிராஃபைத் தனியே நம்புவது ஆபத்து.

எதிர்ப்பக்கப் பொறியும் உண்டு. கழற்றி மேசைமேல் வைத்த கருவி துளியும் அசையாது, எனவே சூத்திரத்தின் பார்வையில் அது ஆழ்ந்து உறங்குகிறது. முழுச் சுழியமாக நீளும் பகுதிகளைக் குறிப்பேட்டோடு சரிபாருங்கள்.

குறிப்பேட்டையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். ஏழு நாளும் ஒரே மையில், ஒரே சாய்வில், எல்லா நேரமும் 8:00, 8:30, 6:30 என்று முழுமையாக முடிந்தால், அது ஒப்படைக்கும் நாளில் ஒரே மூச்சில் எழுதப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். குற்றம் சாட்டாமல், தினமும் காலையில் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பச் சொன்னால் இது பெருமளவு குறைந்துவிடும். எந்த இரவை நீக்குவது, எதை வைத்துக்கொள்வது என்ற விதிகளை முடிவுகளைப் பார்ப்பதற்கு முன்பே எழுதிவிடுங்கள்.

9. ஒப்பீட்டுக் கணக்கில் விழக்கூடிய பள்ளங்கள்

இரண்டு முறைகளுக்கிடையே ஒட்டுறவுக் கெழு (இரண்டும் சேர்ந்து ஏறி இறங்குவதைக் காட்டும் எண்) 0.8 வந்தால் மகிழ்ந்துவிடாதீர்கள். ஒரு முறை எப்போதும் ஒரு மணி நேரம் கூடுதலாகக் காட்டினாலும் கெழு குறையாது. இரண்டின் வித்தியாசத்தை அவற்றின் சராசரிக்கு எதிரே வரையும் பிளாண்ட், ஆல்ட்மன் வரைபடத்தைப் பயன்படுத்துங்கள். 1986இல் லான்செட் இதழில் அவர்கள் விளக்கிய அம்முறை, ஒரு முறை மற்றதைவிடச் சராசரியாக எவ்வளவு கூட்டியோ குறைத்தோ காட்டுகிறது, ஒரு தனிக் குழந்தைக்கு வித்தியாசம் எந்த எல்லைவரை போகலாம் என்ற இரண்டையும் காட்டும்.

நிமிடவாரி ஒப்பீட்டில் "துல்லியம் 90 விழுக்காடு" என்ற எண் இன்னும் ஏமாற்றும். 600 நிமிட இரவில் குழந்தை 540 நிமிடம் தூங்கி 60 நிமிடம் விழித்திருந்தது என்று கொள்வோம். எப்போதும் "தூக்கம்" என்றே சொல்லும் பழுதான கருவிகூட 540 நிமிடங்களில் சரியாக இருக்கும், துல்லியம் 90 விழுக்காடு. ஆனால் விழிப்பில் ஒரு நிமிடத்தைக்கூட அது கண்டுபிடிக்கவில்லை. தூக்கத்தைக் கண்டறிந்த வீதத்தையும் விழிப்பைக் கண்டறிந்த வீதத்தையும் தனித்தனியே கொடுக்காத கட்டுரையையும் விளம்பரத்தையும் ஒதுக்கிவிடலாம்.

மூன்றாவது பள்ளம் நுட்பமானது. ஆக்டிகிராஃப் பதிவில் இரவு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதைக் குறிப்பேட்டைப் பார்த்தே பெரும்பாலும் அமைக்கிறோம். பிறகு, படுத்த நேரத்தில் குறிப்பேடும் ஆக்டிகிராஃபும் அருமையாக ஒத்துப்போகின்றன என்று எழுதினால், ஒன்றைப் பார்த்து எழுதியதை அதனோடேயே ஒப்பிட்டவர்கள் ஆகிறோம். இவ்விரண்டையும் ஒப்பிடுவதே நோக்கமானால், குறிப்பேட்டைப் பார்க்காத ஒருவர் பதிவை மட்டும் வைத்து எல்லைகளைக் குறிக்க வேண்டும், அல்லது மென்பொருளே குறிக்க வேண்டும்.

10. பெற்றோருக்குத் தரும் தாள்

பங்கேற்ற குடும்பங்கள் முடிவைக் கேட்பார்கள், கேட்க உரிமையும் உண்டு. இங்கே ஒரு பொறி உள்ளது. 1–2 வயதுக்குப் பகல் தூக்கம் உட்பட 24 மணி நேரத்தில் 11 முதல் 14 மணி நேரம், 3–5 வயதுக்கு 10 முதல் 13 மணி நேரம் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2016இல் பரிந்துரைத்தது. இத்தகைய பரிந்துரைகளின் பின்னுள்ள சான்றுகளில் பெரும்பாலானவை பெற்றோர் சொன்ன கணக்கை அடிப்படையாகக் கொண்டவை. ஒவ்வொரு புரளலையும் விழிப்பாகக் கழிக்கும் ஆக்டிகிராஃபின் எண்ணை அந்த எல்லையோடு ஒப்பிட்டால், நலமாக உறங்கும் குழந்தையும் தூக்கம் போதாத குழந்தையாகத் தோன்றும், வீட்டில் வீண் கவலை புகும்.

எனவே தாளில் முதலில் குறிப்பேட்டின்படி 24 மணி நேரத் தூக்கத்தையும், அடுத்து ஆக்டிகிராஃபின்படி தூங்கிய, எழுந்த நேரங்களின் வாரச் சராசரியையும் கொடுங்கள். விழிப்பு எண்ணிக்கையைக் கொடுப்பதாயின், அதில் தூக்கத்திடையே புரள்வதும் அடங்கும் என்ற ஒரு வரியை அதே கட்டத்தில் சேருங்கள். வழக்கமான குறட்டை, மூச்சுத் திணறல், பகலில் மிகுந்த சோர்வு ஆகியவற்றைப் பெற்றோர் குறிப்பிட்டிருந்தால், எண்கள் என்ன சொன்னாலும் குழந்தை மருத்துவரைப் பார்க்கும்படி எழுதி, அறநெறிக் குழுவிடம் சொன்ன கெடுவுக்குள் தாளை அனுப்பிவிடுங்கள்.